தீப்பெட்டி அளவு

கோடையில் நான் உப்புக்காரி.
பால்மரின் வெளியில் என் குழி பதினோராவது.
அடியில் இளஞ்சிவப்பு நீர்,
விளிம்பில் வெள்ளைப் பொருக்கு.
இடுப்பளவு இறங்கிக் கூடையால் அரித்து
ஷியா வெண்ணெய் பூசிய கால்களோடு ஏறுவேன்.
பூசாத இடத்தை உப்பு எப்படியோ கண்டுபிடித்துவிடும்.

மழைக்காலத்தில் நெல்காரி.
அப்போது உப்பைத் திட்டினால்
நாத்தனார் ம்பிஸான் விடமாட்டாள்:
"உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்பார்கள்,
நீ உப்பையே மறக்கிறாயே, சிகா!"

ஒன்றும் முளைக்காத தரைக்கு
எங்கள் ஊரில் பெயர் 'தான்'.
தானாக வந்தது. தானாக விரிந்தது.
எனக்குக் கலியாணமான வருஷம்
கிணற்றுக்கு அப்பால் கிடந்தது.
நதெல்லா பிறந்தபோது கிணற்றைக் குடித்திருந்தது.
இப்போது என் வரப்பில்
காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது,
கடன் கேட்க வந்த உறவுக்காரன் மாதிரி.

ஜொஆல் சந்தைக்கு இரண்டு மூட்டையோடு போனேன்.
உப்பு விற்கப் போனால் மழை பெய்யும்;
பெய்தது.
அரை மூட்டை கரைந்து வண்டிக்காரன் முதுகில் வழிந்தது.
மீதியை விற்ற காசுக்கு
விதைக்கடை லத்திர் தந்தது
ஒரு தீப்பெட்டி நிறைய வெள்ளைத் தூள்.
நாக்கில் வைக்கப் போனேன்.
"வைக்காதே, துத்தநாக சல்பேட்" என்றான்.
பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு,
"அதுவும் ஒரு வகை உப்புதான்."

ஒன்றரை மூட்டை உப்பைக் கொடுத்து
ஒரு பெட்டி உப்பு வாங்கிய முட்டாள்
இந்தக் கரையில் நான் ஒருத்திதான்.

ஒரு வாளி நீருக்கு ஒரு சிட்டிகை.
இரவு முழுக்க விதை ஊற வேண்டும்,
விடிந்ததும் நிழலில் உலர வேண்டும்.
கூடிப்போனால் அதுவே நஞ்சு.
"யார் சிட்டிகை? என் விரலா, உன் விரலா?"
லத்திர் தன் விரல்களைப் பார்த்தான்.
பதில் சொல்லவில்லை.

உமிச் சாம்பலும் தூவச் சொன்னான்.
அதில் மணலின் சத்து இருக்கிறதாம்.
வேரின் தோலில் படிந்து
கதவை ஒருக்களித்து வைக்குமாம்:
தண்ணீர் நுழையும், உப்பு பெரும்பாலும் வெளியே நிற்கும்.
பெரும்பாலும் என்ற சொல்லை மெதுவாகச் சொன்னான்.
வேரின் வாசலை நான் பார்த்ததில்லை.
ஆனால் சாம்பலுக்குக் காசில்லை.
ம்பிஸான் அடுப்பிலிருந்தே அள்ளினேன்,
அவள் தொழப் போயிருந்தபோது.

தூள் பாதி விதைக்குத்தான் போதியது.
மேற்கே ஊறியது, கிழக்கே ஊறாதது.
நடுவில் நதெல்லா கட்டிய நீல நைலான் கயிறு,
மீன்வலையிலிருந்து பிரித்தது.

இருபதாம் நாள் இரண்டு பக்கமும் ஒரே பச்சை.
ம்பிஸான் கயிற்றைத் தாண்டித் தாண்டி நடந்து
"இதுவா அது? அதுவா இது?" என்றாள்.
கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு மழை ஒன்பது நாள் மறந்துபோனது.
உப்பு அடியிலிருந்து ஏறியது,
பாலில் ஆடை கட்டுவதுபோல் சத்தமில்லாமல்.
கிழக்கே இலைகள் நுனியிலிருந்து சுருண்டு
எரிந்த காகிதம் ஆயின.
மேற்கேயும் எரிந்தது.
நகக்கண் அளவு. அதோடு நின்றது.

அறுத்தபோது
கிழக்கில் இரண்டு குடுவை, மேற்கில் ஏழு.
நல்ல காலத்தில் இதே நிலம்
பதினைந்து தந்திருக்கிறது; அதையும் சொல்லிவிட வேண்டும்.
ஏழை வைத்துக்கொண்டு யாரும் கூத்தாட மாட்டார்கள்.
இரவு கஞ்சி வைத்தேன். உப்புப் போட்டேன்.

அடுத்த வைகறை, என் வாசலில்
ஒரு காலித் தீப்பெட்டி.
திறந்தே இருந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம் ம்பிஸான்
பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒன்றரை மூட்டை" என்றேன்.
"உப்புப் பெறாத சாமானுக்கா!"
"ஒன்றேகால்."
"என் சாம்பலைக் கழித்துக்கொள்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு பேருக்குமாக வாங்கி வருவேன், அது சரி.
அவள் விரல்கள் என்னுடையதைவிடத் தடிமன்.
ஒரு சிட்டிகை எவ்வளவு என்று
அவளுக்கு எப்படிச் சொல்வது?
குழியில் இறங்கும்போதெல்லாம்
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும்
சேர்த்துப் பார்க்கிறேன்,
பிரித்துப் பார்க்கிறேன்.